ஆறடி மயிலும் ஒன்பது மொட்டைக் கடிதங்களும்

அழகு என்றால் என்ன என்ற கேள்விக்கு மனிதகுலம் தோன்றிய நாள்முதல் தேடிவந்த விடை, தூத்துக்குடித் துறைமுகச் சாலையில், முத்துநகர் டிரெய்லர் உரிமையாளர் மற்றும் ஓட்டுநர் நலச் சங்கத்தின் தகரக் கொட்டகையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்குக் கண்டுபிடிக்கப்பட்டது. பதினொன்றரைக்கு வடை வந்தது. வடையைத் தின்றபின் அந்த விடையில் மூன்று திருத்தங்கள் செய்யப்பட்டன.

இதை முறையாகச் சொல்லவேண்டுமானால் டோக்கனிலிருந்து தொடங்கவேண்டும்.

துறைமுகத்துக்குள் கண்டெய்னர் ஏற்றப்போகும் டிரெய்லர்கள் வாசலுக்கு வெளியே வரிசையாக நிற்கும். யார் முன்னால், யார் பின்னால் என்பதைச் சங்கம் கொடுக்கும் டோக்கன்தான் தீர்மானிக்கும். முதல் இருபதுக்குள் வந்தவன் காலையில் உள்ளே போய்விடுவான். நூறுக்கு மேல் போனவன் வண்டிக்கு அடியில் பாய் விரித்து, ஸ்டவ்வில் ரசம் வைத்து, மறுநாள் அங்கேயே பல் விளக்கி, அதற்கு மறுநாள் உள்ளே போவான். முத்தையாபுரம் செல்லப்பாண்டிக்கு எப்போதும் நூறுக்கு மேல்தான் கிடைக்கும். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள் சண்முகப்ரியா, பள்ளியில் எழுதிய கட்டுரையில், "என் தந்தை வரிசையில் வேலை பார்க்கிறார்" என்று எழுதியிருந்தாள். டீச்சர் அதற்கு டிக் போட்டிருந்தார்.

ஆகவே சங்கத்தலைவர் சிவப்பிரகாஷ் 'அழகு வாகனம்' போட்டியை அறிவித்தபோது, செல்லப்பாண்டி வாழ்க்கையில் முதல்முறையாகச் சங்கக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தார். பரிசு அப்படி. வெற்றி பெறும் வண்டிக்கு ஒரு வருடம் முழுவதும் டோக்கன் எண் ஒன்று. எந்த நாள் வந்தாலும், எந்த நேரம் வந்தாலும், எல்லோருக்கும் முன்னால்.

"எனக்குச் சொந்தமா லாரி கிடையாது," என்று தலைவர் பேசத் தொடங்கினார். "இருந்தா பரிச என் லாரிக்கே கொடுத்துருவேன். என்னையப் பத்தி எனக்குத் தெரியும். அதனாலதான் லாரியே வாங்காம பதினோரு வருசமா இந்தப் பதவியில உக்காந்துருக்கேன். எலெக்சன் வச்சா ஒரு பக்கம் சாய்ஞ்சிருமேன்னு எலெக்சனும் வைக்கல. நடுநிலைன்னா அது."

கைதட்டல் எழுந்தது. தலைவர் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"அலங்காரச் சாமான் எங்க வேணாலும் வாங்கலாம். எங்க மச்சினன் கடையிலதான் வாங்கணும்னு கட்டாயம் கிடையாது. வேற கடையில வாங்கினா எங்க கண்ணுக்கு அழகாத் தெரியாது, அம்புட்டுத்தான்."

அன்று மாலையே செல்லப்பாண்டி அந்த மச்சினன் கடைக்குப் போய், சிறகு விரித்த கழுகு ஸ்டிக்கர் ஒன்று வாங்கினார். கடையில் அது இமயமலைக் கழுகாக இருந்தது. கேபின் முகப்பின் வளைவில் ஒட்டியதும் கோழியாகிவிட்டது. உரித்து எடுக்கப் பார்த்தார். கழுத்துவரை வந்தது, அதற்குமேல் வரவில்லை.

செல்லப்பாண்டிக்குப் பரிசு வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய உண்மை ஒன்று உண்டு. அந்தப் பரிசு பேச்சிராஜாவுக்குப் போய்விடக் கூடாது.

பேச்சிராஜா அவருடைய சகலை. செல்லப்பாண்டியின் மனைவி பொன்செல்விக்கு அக்காள் அருணாசலவடிவு. அக்காள் புருஷன் பேச்சிராஜா. இருவருக்கும் ஆளுக்கொரு டிரெய்லர்தான். ஆனால் பேச்சிராஜா தன் வண்டியைக் கேரளாவுக்குக் கொண்டுபோய் இரண்டு மாதம் போட்டு, வேறொரு பிறவியாகத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். பக்கவாட்டில் நீலக் கடல், கடலுக்கடியில் வாய்பிளந்த சிப்பி, சிப்பிக்குள் எரிந்து அணையும் முத்து. உள்ளே வெல்வெட் திரை, தொங்கும் சரவிளக்கு. எட்டு ஸ்வரத்தில் ஹாரன். கேபின் தலையில் ஆறடி உயரத்தில் ஃபைபர் மயில். பிரேக்கை மிதித்தால் மயில் தோகை விரிக்கும். தோகையின் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு பல்பு.

போன மாதம் உடன்குடியில் மாமனார் ஊர்க் கோயில் கொடை விழாவுக்குச் சகலைகள் இருவரும் வண்டியோடு போயிருந்தார்கள். கருப்பட்டிக் கடைகளை அடைத்துவிட்டு ஊரே மயிலைப் பார்க்க வந்தது. மாமனார் மயிலுக்கு முன்னால் பூசணிக்காய் உடைத்தார். "எங்கண்ணே பட்டுரும் போல இருக்கு மாப்ளே," என்றார். செல்லப்பாண்டியின் வண்டி பக்கத்தில் பனைமர நிழலில் நின்றது. அதற்கடியில் நான்கு ஆடுகள் படுத்திருந்தன. மயிலோடு செல்ஃபி எடுக்கக் கூட்டம் நெருக்கியடித்ததால், எல்லோரையும் ஒழுங்காக நிறுத்தி அனுப்பும் பொறுப்பை மாமியார் செல்லப்பாண்டியிடம் ஒப்படைத்தார். "நீங்கதான் மாப்ளே வரிசையில பழக்கப்பட்டவுக," என்றார்.

ஊர் திரும்பிய வாரத்தில் செல்லப்பாண்டி ஒன்பது மொட்டைக் கடிதங்கள் எழுதிச் சங்கத்தின் ஆலோசனைப் பெட்டியில் போட்டார். பேச்சிராஜாவின் விளக்கு கண்ணைக் கூசுகிறது என்று ஒன்று. ஹாரனால் நெஞ்சு படபடக்கிறது என்று ஒன்று. மயிலைக் கண்டு பச்சைக்குழந்தை பால் குடிக்க மறுக்கிறது என்று ஒன்று. 'பாதிக்கப்பட்டவன்', 'ஒரு நலம்விரும்பி', 'சமூக ஆர்வலர்' என்றெல்லாம் கையெழுத்துப் போட்டிருந்தார். குழந்தைக் கடிதத்தில் 'ஒரு தாய்'.

இதற்கிடையில் வரிசையில் நின்ற ஓட்டுநர்களிடையே அழகைப் பற்றிய விவாதம் சூடுபிடித்திருந்தது.

"லாரிக்கு அழகு மூஞ்சிதாம்ல," என்றார் சிவனாண்டி. தன் வண்டியின் பம்பரை மீசைபோல் முறுக்கிவிட்டிருந்தவர் அவர். "எதுக்க வாரவன் பாத்த ஒடனே பயப்படணும்."

"ஒம்ம வண்டி மூஞ்சிய யாருவே பாக்கா?" என்றார் சுடலைக்கண்ணு. அவர் தன் டிரெய்லரின் பின்பக்கம் முழுவதும் சூரிய உதயம் வரைந்து வைத்திருந்தார். "எதுக்க வாரவன் ஓரமா ஒதுங்குததுலயே குறியா இருப்பான். பின்னாடி வாரவன்தாம் முப்பது கிலோமீட்டருக்கு ஒம்ம பின்பக்கத்தையே பாத்துக்கிட்டு வாரான். அழகு பின்னாடிதாம் இருக்கணும்."

"அப்ப காலையில கண்ணாடி பாக்கும்போது திரும்பி நின்னு பாப்பீரோ?"

"இருட்டுல ரெண்டும் ஒண்ணுதாம்ல," என்று கேபினிலிருந்து தலையை நீட்டினார் பேச்சிராஜா. "அழகுன்னா வெளிச்சம்." பிரேக்கை மிதித்தார். பட்டப்பகலில் மயில் தோகை விரித்தது. பேச்சு அதோடு நின்றது.

தானும் ஏதாவது சொல்லவேண்டும் என்று செல்லப்பாண்டிக்குத் தோன்றியது. "பிரேக் போட்டா வண்டி நிக்கணும். அதுதாம் அழகு," என்றார்.

"அது அழகு இல்லவே, அது வசதி," என்றார் சிவனாண்டி. எல்லோரும் சிரித்தார்கள். மயிலும் தோகையை மடக்கிக்கொண்டது.

போட்டியின் முதல் சுற்று ஜனநாயக முறைப்படி நடந்தது. ஒவ்வொரு ஓட்டுநரும் எல்லா வண்டிகளுக்கும் நூற்றுக்கு மதிப்பெண் போடவேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டுநர்களும் தங்கள் வண்டிக்கு நூறும் மற்றவர்கள் வண்டிக்குச் சுழியமும் போட்டார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு வண்டிகளும் முதலிடம் பெற்றன. கடைசி இடமும் அவற்றுக்கே கிடைத்தது.

என்ன செய்வதென்று தெரியாமல் சங்கம் திகைத்த அந்தச் செவ்வாய்க்கிழமைதான், செயலாளர் டெரன்ஸ், வடை வர நேரமாகிறதே என்று சும்மா இருக்க முடியாமல் ஆலோசனைப் பெட்டியைத் திறந்தார். பெட்டியில் ஒன்பது கடிதங்கள் இருந்தன. ஒன்பதும் பேச்சிராஜாவின் வண்டியைப் பற்றி. டெரன்ஸ் அவற்றை உரக்க வாசித்தார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த செல்லப்பாண்டி தன் செருப்பைக் குனிந்து பார்த்தார்.

வாசித்து முடித்ததும் தலைவர் எழுந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"இதுதாம்யா அழகு," என்றார். "நல்லா இருக்குன்னு சொல்லுதவன நம்ப முடியாது. எம் பேச்சையே எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுதாங்க. ஆனா வயித்தெரிச்சல் பொய் சொல்லாது. எவன் வண்டியப் பாத்து அடுத்தவன் வயிறு எரியுதோ, அந்த வண்டிதான் அழகு. சிப்பிக்குள்ள தூசி போயி உறுத்தினாத்தான் முத்து. இந்தச் சங்கத்துக்குள்ள அந்தத் தூசியா நான் இருந்திருக்கேன்."

மணி அப்போது பதினொன்றே கால். வடைக்குப் பின் செய்யப்பட்ட திருத்தங்கள் வருமாறு: ஒவ்வொரு பொறாமைக் கடிதத்துக்கும் பத்து மதிப்பெண். எழுதியவர் உறவினர் என்றால் இரட்டிப்பு, ஏனென்றால் சொந்தக்காரன் பொறாமையில் கலப்படம் கிடையாது. மூன்றாவது, அடுத்த கூட்டத்துக்கு வடையோடு சட்னியும் வாங்கவேண்டும்.

நான்கே நாளில் பெட்டியில் அறுநூற்று நாற்பது கடிதங்கள் விழுந்தன. "சிவனாண்டி அவர்களின் பம்பரைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இப்படிக்கு, சிவனாண்டியின் எதிரி" என்று ஒரு கடிதம். அதே கையெழுத்தில் அவர் டோக்கன் விண்ணப்பமும் அலுவலகத்தில் இருந்தது. சுடலைக்கண்ணுவின் சூரிய உதயத்தைப் பார்த்துத் தற்கொலை எண்ணம் வருவதாக முப்பத்தோரு பேர் எழுதியிருந்தார்கள். முப்பத்தோரு பேருக்கும் ஒரே பேனாவில் ஒரே இடத்தில் மை கசிந்திருந்தது.

சங்கம் உடனே சுற்றறிக்கை விட்டது. "இனிவரும் மொட்டைக் கடிதங்களில் எழுதியவர் பெயர், முகவரி, கைபேசி எண் ஆகியவை தெளிவாகக் குறிப்பிடப்பட்டு, ஆதார் நகல் இணைக்கப்படவேண்டும். எழுதியவர் விவரம் முழு ரகசியமாக வைக்கப்படும். அறிவிப்புப் பலகையில் மட்டும் ஒட்டப்படும்."

அதன்பிறகு ஒரு கடிதமும் வரவில்லை. அறுநூற்று நாற்பதும் தள்ளுபடியாயின. முதலில் வந்த ஒன்பது மட்டும், எந்த எதிர்பார்ப்பும் இல்லாமல் எழுதப்பட்ட அசல் பொறாமை என்று தலைவர் கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்டார். பேச்சிராஜாவுக்குத் தொண்ணூறு மதிப்பெண். மற்ற இருநூற்றுப் பதினோரு பேருக்கும் சுழியம்.

செல்லப்பாண்டி வீட்டுக்குப் போனார். பொன்செல்வி மீன் உரசிக்கொண்டிருந்தாள்.

"ஏளா, நம்ம வண்டியப் பாத்தா ஒனக்கு என்ன தோணுது?"

"எந்த வண்டி?"

"நம்ம வண்டி."

"ஓ, அதுவா," என்றாள். மீனைத் திருப்பிப்போட்டாள்.

செல்லப்பாண்டி விஷயத்தைச் சொன்னார். அவள் ஒரே ஒரு கடிதம் எழுதித் தந்தால் போதும். சொந்தக்காரி என்பதால் இருபது மதிப்பெண். மாமியார் ஒன்று, மாமனார் ஒன்று, கொழுந்தியாள் ஒன்று என்று ஐந்தாறு சேர்த்துவிட்டால் தொண்ணூறைத் தாண்டிவிடலாம்.

"நாம எதுக்குப் பொறாமப்படணும்? நம்ம வண்டிதான?"

"பொய்யா எழுதுளா."

"பொய்யி எழுதி ஆதாரு வேற வைக்கணுமாக்கும்? நாளைக்கு ரேசன்ல நிப்பாட்டிருவான்." உரசியதை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். "அக்கா வீட்டுப் பெரியத்தான் வண்டியப் பத்தின்னா உண்மையாவே எழுதுவேன். வேணுமா?"

செல்லப்பாண்டி அன்றைக்குச் சாப்பிடவில்லை. மீன் நன்றாகத்தான் இருந்தது என்று மகள் சொன்னாள்.

இனி ஒரே வழிதான் இருந்தது. போட்ட கடிதங்களைத் திரும்ப வாங்கவேண்டும். மறுநாள் காலை கொட்டகையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து டெரன்ஸிடம் போய், அந்த ஒன்பதும் தான் எழுதியவை என்று மெதுவாகச் சொன்னார்.

"யேசுவே!" என்றார் டெரன்ஸ். "அந்தத் தாயும் நீங்கதானா அண்ணாச்சி? நான் அதுக்கு அழுதுட்டேன்."

"அத விடுங்க. எனக்கு இப்பப் பொறாம கிடையாது. வாபஸ் வாங்கிக்கிடுதேன்."

டெரன்ஸ் பதிவேட்டைப் புரட்டினார். "நீங்க பேச்சிராஜாவுக்கு என்ன முறை வேணும்?"

"சகலை."

"அப்ப உறவினர்." சிவப்பு மையில் ஏதோ எழுதினார். "தொண்ணூறு இப்ப நூத்தியெண்பது."

செல்லப்பாண்டி பதிவேட்டை எட்டிப் பார்த்தார். "தம்பி, நான் கொறைக்க வந்தேன்!"

"கொறைக்கணும்னா படிவம் ஏழு இருக்கு அண்ணாச்சி. பொறாமை நீங்கியமைக்கான விண்ணப்பம். எழுதிக் கொடுத்தா நேர்ல வந்து ஆய்வு செய்வோம். பாஸாயிட்டா ஒன்பதும் ரத்து. நூத்தியெண்பதும் சுழியமாயிரும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பேச்சிராஜா அண்ணாச்சிக்குத் தெரியாது. ரகசியம்."

ஆய்வு வியாழக்கிழமை காலை முத்தையாபுரம் விலக்கில், ஒரு டீக்கடை வாசலில் நடந்தது. கொரோனா காலத்தில் சங்கம் வாங்கிய, விரலில் மாட்டி நாடித்துடிப்பு பார்க்கும் கருவியை டெரன்ஸ் கொண்டுவந்திருந்தார். செல்லப்பாண்டியை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, ஆள்காட்டி விரலில் கருவியை மாட்டினார். பேச்சிராஜாவிடம் சங்க வீடியோவுக்காக என்று சொல்லி, அந்தச் சாலையில் மூன்று முறை போய்வரச் சொல்லியிருந்தார்கள். மூன்று முறையும் துடிப்பு தொண்ணூறைத் தாண்டாமல் இருந்தால் பொறாமை நீங்கியதாகக் கொள்ளப்படும்.

"மூஞ்சியையும் பாப்பேன் அண்ணாச்சி. உதட்டக் கடிக்கக் கூடாது. 'ம்க்கும்'னு சொல்லக் கூடாது."

முதல் சுற்று. கடல் வந்தது, சிப்பி வந்தது, முத்து எரிந்து அணைந்தது. செல்லப்பாண்டி பக்கத்து வீட்டுக் காம்பவுண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். துடிப்பு எழுபத்தெட்டு.

"நல்லா போகுது," என்றார் டெரன்ஸ்.

இரண்டாவது சுற்றில் பேச்சிராஜா டீக்கடைக்கு நேராக வந்து பிரேக் போட்டார். மயில் விரிந்தது. கடைக்காரர் டீயை டம்ளருக்கு வெளியே ஆற்றினார். எண்பத்தொன்பது. செல்லப்பாண்டியின் நெற்றியில் வியர்வை. ஆனாலும் உதட்டைக் கடிக்கவில்லை. இன்னும் ஒரு சுற்றுதான். அதைத் தாண்டிவிட்டால் பேச்சிராஜாவுக்கும் சுழியம், எல்லோருக்கும் சுழியம், முதல் டோக்கன் யாருக்கும் இல்லை. அந்த நிம்மதியில் துடிப்பு எழுபத்திரண்டுக்கு இறங்கியது. டெரன்ஸ் பேனாவைத் திறந்து படிவத்தில் 'நீங்கியது' என்பதன் முதல் மூன்று எழுத்துகளைப் போட்டுவிட்டார்.

மூன்றாவது சுற்றில் வண்டி மெதுவாக வந்தது. சன்னலில் வெல்வெட் திரை விலகியிருந்தது. சரவிளக்குக்குக் கீழே அருணாசலவடிவு. அவளுக்குப் பக்கத்தில், தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு, பொன்செல்வி. அவள் மடியில் சண்முகப்ரியா உட்கார்ந்து எட்டு ஸ்வரத்தையும் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா! இங்கன ஃபேன் இருக்கு!" என்று கத்தினாள் மகள்.

"ஏளா! எறங்குளா கீழ!" என்று செல்லப்பாண்டி நாற்காலியோடு எழுந்தார்.

"பெரியத்தான் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன்னாவ!" என்றாள் பொன்செல்வி. கைக்குட்டையை ஆட்டினாள். பதினெட்டு வருடத் தாம்பத்தியத்தில் அவர் வண்டியிலிருந்து அவள் எதையும் ஆட்டியதில்லை.

நூற்று முப்பத்தொன்று. கருவி கீச்சென்று கத்தியது. டெரன்ஸ் போட்ட எழுத்துகளை அடித்துவிட்டு, மனமில்லாமல் வேறு எழுதினார்.

வெள்ளிக்கிழமை காலை ஆய்வறிக்கை அறிவிப்புப் பலகையில் ரகசியமாக ஒட்டப்பட்டிருந்தது. "திரு. செல்லப்பாண்டி, முத்தையாபுரம். ஒன்பது கடிதங்களையும் எழுதியவர். உறவு: சகலை. பொறாமை நீங்கவில்லை. நாடித்துடிப்புச் சான்றுடன்கூடிய நேரடிப் பொறாமைக்காகத் திரு. பேச்சிராஜாவின் வாகனத்துக்குக் கூடுதலாக ஐம்பது மதிப்பெண். மொத்தம் இருநூற்று முப்பது." வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் வந்து படித்துவிட்டுப் போனார்கள். "என்ன தாயே, சௌக்கியமா?" என்று சிவனாண்டி விசாரித்தார். செல்லப்பாண்டி வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பரிசளிப்பு விழா. தலைவர் முக்கால் மணி நேரம் பேசினார்.

"எல்லாரும் கேக்காங்க, அழகுக்கு எதுக்கு முதல் டோக்கன்னு. நியாயமான கேள்வி. இத்தன வருசமா டோக்கன எப்படிக் கொடுத்தோம்? எங்களுக்கு வேண்டியவனுக்கு முதல்ல, வேண்டாதவனுக்குக் கடைசியில. அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? தினமும் எவன் வேண்டியவன்னு யோசிக்கணும். இனிமே அந்தக் கஷ்டம் ஒருத்தனப் பொறுத்தவரைக்கும் இல்ல. இதத்தான் சீர்திருத்தம்ங்கேன். இன்னொண்ணு. முதல் டோக்கன் வண்டி நிக்கும்போது வேற எந்த வண்டியும் அத முந்தக் கூடாது. முந்தினா ஆறு மாசம் சஸ்பெண்ட். அழகுக்கு ஒரு மரியாதை வேணும்லா?"

பேச்சிராஜாவுக்குச் சால்வை போர்த்தினார்கள். அவர் அதைக் கழற்றிக்கொண்டு நேராகச் செல்லப்பாண்டி இருந்த இடத்துக்கு வந்தார். செல்லப்பாண்டி எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தார். பக்கத்தில் பொன்செல்வி உட்கார்ந்திருந்ததால் வழியில்லை.

"தம்பி, நீ இல்லன்னா எனக்கு இது கெடச்சிருக்காது," என்று சொல்லி, பேச்சிராஜா சால்வையை அவர் தோளில் போட்டார். கோபம் துளியும் இல்லை. உண்மையாகவே நன்றி சொன்னார். அதுதான் செல்லப்பாண்டியால் தாங்க முடியாததாக இருந்தது.

"நல்ல மனசு பெரியத்தானுக்கு," என்றாள் பொன்செல்வி.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பேச்சிராஜா முதல் டோக்கனோடு துறைமுக வாசலுக்குப் போனார். அனுதாபப்பட்டோ என்னவோ, டெரன்ஸ் அன்று செல்லப்பாண்டிக்குப் பதினேழாம் எண் கொடுத்திருந்தார். வாழ்நாளில் அவருக்கு அவ்வளவு சின்ன எண் வந்ததில்லை. கேபினில் ஏறி உட்கார்ந்து அதை இரண்டு முறை வாசித்தார். காலையிலேயே ஏற்றிவிட்டால் சாயங்காலம் இன்னொரு நடை அடிக்கலாம்.

ஆறேகால் ஆயிற்று. ஏழு ஆயிற்று. வரிசை நகரவில்லை.

வாசலில் ஞாயிற்றுக்கிழமைதான் புதிதாக ஒரு உயரக் கம்பி போட்டிருந்தார்கள். அதைத் தாண்டிய உயரத்தில் எதுவும் உள்ளே போகக்கூடாது. பேச்சிராஜாவின் மயில் அந்தக் கம்பியைவிட ஒன்றேமுக்கால் அடி உயரமாக இருந்தது. காவலர்கள் மயிலைக் கழற்றச் சொன்னார்கள். கேரளாக்காரர்கள் அதன் காலைக் கேபினோடு சேர்த்துப் பற்றவைத்திருந்தார்கள். கேஸ் கட்டர் கொண்டுவர ஆள் போயிருந்தான். அதுவரை ஓரமாக நிற்கலாமென்றால், சங்க விதிப்படி முதல் டோக்கன் வண்டியை யாரும் முந்தக் கூடாது. ஓரங்கட்டிய வண்டியைத் தாண்டிப்போவது முந்துவது ஆகுமா என்பதை முடிவுசெய்யச் சங்கத்தின் அவசரக் கூட்டம் கூடியது. சட்னி வராததால் கூட்டம் தொடங்கவில்லை. பின்னால் இருநூறு டிரெய்லர்கள் ஹாரன் அடித்தன. பேச்சிராஜா பதற்றத்தில் அடிக்கடி பிரேக்கை மிதித்தார். ஒவ்வொரு முறையும் மயில் தோகை விரித்தது. ஒவ்வொரு முறையும் இருநூறு ஓட்டுநர்கள் அவருடைய அம்மாவை விசாரித்தார்கள்.

ஒன்பதரை மணிக்கு அவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, ஏச்சுக்களைக் கேட்டபடியே வரிசையில் பின்னோக்கி நடந்துவந்தார். பதினேழாவது வண்டியில் தெரிந்த முகம் இருந்தது. சட்டை நனைந்திருந்தது. செல்லப்பாண்டி இறங்கி அவருக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

பேச்சிராஜா குடித்துவிட்டு, செல்லப்பாண்டியின் வண்டியை மேலும் கீழும் பார்த்தார். மட்டமான கேபின். தலையில் ஒன்றும் இல்லை. நெற்றியில் பாதி உரிந்த ஒரு கோழி.

"ஏலே தம்பி," என்றார். "ஒன் வண்டியப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்குல."

செல்லப்பாண்டிக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. "என்ன சொன்னிய?"

"சத்தியமாத்தாம். நீ பாட்டுக்கு உள்ள போவ, ஏத்துவ, வருவ. எவனும் ஒன்னைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். வயிறு எரியுது எனக்கு."

செல்லப்பாண்டி கேபினுக்குள் கையை விட்டு ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்தார்.

"எழுதிக் கொடுங்க அண்ணாச்சி."

"எதையிலே?"

"இப்பச் சொன்னியல்லா, அத. ஆதார் இருக்கா?"

"போட்டிதான் நேத்தே முடிஞ்சு போச்சுலா. இத வச்சு என்னத்தச் செய்யப்போற?"

"பரவால்ல. எழுதுங்க. 'மிகவும்'னு ஒரு வார்த்த சேத்துக்கோங்க."

இருவரும் சற்றுத் தள்ளி, மகாபெரிய வழிகாட்டிப் பலகை ஒன்றின் நிழலில் உட்கார்ந்தார்கள். பேச்சிராஜாவுக்கு எழுதிப் பழக்கம் குறைவு. இரண்டு முறை தப்பாகி, மூன்றாவது தாளில்தான் சரியாக வந்தது. 'உறவு' என்ற இடத்தில் சகலை என்று போடச் சொல்லிச் செல்லப்பாண்டி விரலால் காட்டினார். பிறகு, வீட்டில் காட்டுவதற்காக அதை இன்னொரு பிரதியும் எழுதச் சொன்னார்.

ஒன்பது ஐம்பதுக்கு, ஓரங்கட்டிய வண்டியைத் தாண்டுவது முந்துவது ஆகாது என்று சங்கம் தொலைபேசியில் தீர்ப்பளித்தது. வரிசை நகர்ந்தது. பதினேழாம் டோக்கனை மூன்று முறை கூப்பிட்டார்கள். வண்டிக்குள் ஆள் இல்லை. செல்லப்பாண்டிக்கு வேறு டோக்கன் கொடுத்தார்கள். எண் நூற்றுத் தொண்ணூற்றெட்டு.